கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பு: செவிலியர்கள் தங்களுக்காகச் செய்துகொள்ள வேண்டியவை – ஒரு முழுமையான வழிகாட்டி

கருப்பை வாயிலிருந்து செல்களைச் சேகரித்துச் சோதிக்கும் பாப் ஸ்மியர் எடுக்கும் அறையில் செவிலியரின் வேலை அவருடைய கைகளுக்கே மனப்பாடமாக இருக்கும். பிறப்புறுப்பை விரித்துக் கருப்பை வாயைப் பார்க்க உதவும் ஸ்பெகுலத்தை எடுத்துக் கொடுப்பார். விளக்கைச் சரியான கோணத்துக்குத் திருப்புவார். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும் என்பதால் ஸ்லைடின் மங்கலான ஓரத்தில் பென்சிலால் பெயரையும் எண்ணையும் எழுதுவார். பயத்தில் தொடைகளை இறுக்கிக்கொள்ளும் பெண்ணிடம் குனிந்து, மூச்சை இழுத்து மெதுவாக விடச் சொல்வார். ஒரே நாளில் இருபது பெண்களுக்கு இதைச் செய்து முடித்த அவரிடம், "நீங்கள் கடைசியாக எப்போது இந்தப் பரிசோதனையைச் செய்துகொண்டீர்கள்?" என்று கேட்டால், பெரும்பாலும் ஒரு சிறு மௌனம்தான் பதிலாக வரும். பல நாடுகளில் செவிலியர்களிடையே நடத்தப்பட்ட ஆய்வுகளும் இதையே திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன: நோயைப் பற்றிய அறிவு அவர்களிடம் ஓரளவு நன்றாகவே இருக்கிறது, ஆனால் தாமே பரிசோதனை செய்துகொண்டவர்களின் எண்ணிக்கை அந்த அறிவுக்கு ஈடாக இல்லை.

தெரிந்ததற்கும் செய்வதற்கும் இடையே உள்ள அந்தத் தூரத்தைக் குறைப்பதற்காகவே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். நோயாளிகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பது இதில் கடைசியாகத்தான் வருகிறது. அதற்கு முன்னால் வருபவை எல்லாம் உங்கள் உடலைப் பற்றியவை.

முதல் படி: நோய் வளரும் கால அளவை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்

உலக அளவில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 6,60,000 பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டதாகவும், ஏறத்தாழ 3,50,000 பெண்கள் அதனால் இறந்ததாகவும் மதிப்பிடப்பட்டுள்ளது. இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் குறைந்த, நடுத்தர வருமானம் கொண்ட நாடுகளைச் சேர்ந்தவர்கள். முன்கூட்டியே கண்டுபிடித்து ஏறக்குறைய முழுமையாகத் தடுக்கக்கூடிய ஒரு நோயில் இத்தனை பேர் இறப்பது, இந்தத் துறையில் வேலை செய்யும் எவரையும் உறுத்த வேண்டிய விஷயம்.

இந்தப் புற்றுநோய் ஏறக்குறைய எல்லா நேரங்களிலும் ஹெச்.பி.வி. என்று அழைக்கப்படும் ஹியூமன் பாப்பிலோமா வைரஸின் நீடித்த தொற்றினால் ஏற்படுகிறது. ஜெர்மானிய அறிவியலாளர் ஹரால்ட் சூர் ஹாவுசன் 1983, 1984 ஆண்டுகளில் கருப்பை வாய்ப் புற்றுநோய்த் திசுக்களில் 16, 18 ஆகிய வகைகளைக் கண்டறிந்தார். அதற்காக 2008-இல் அவருக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. இந்த வைரஸில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. அவற்றில் ஒரு பன்னிரண்டு முதல் பதினான்கு வகைகளே புற்றுநோய் அபாயம் மிக்கவையாகக் கருதப்படுகின்றன; அவற்றிலும் 16, 18 ஆகிய இரண்டு மட்டுமே சுமார் 70 சதவீதப் பாதிப்புக்குக் காரணமாகின்றன.

நாம் முதலில் மனத்தில் நிறுத்த வேண்டியது, தொற்று ஏற்படுவது வேறு, நோய் ஏற்படுவது வேறு என்பதாகும். உடலுறவு வாழ்க்கையைத் தொடங்கிய பெண்களிலும் ஆண்களிலும் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஏதேனும் ஒரு கட்டத்தில் இந்தத் தொற்று வந்துபோகிறது. அதில் ஏறத்தாழ 90 சதவீதம், எந்த அறிகுறியும் காட்டாமல், உடலின் எதிர்ப்பாற்றலாலேயே ஓரிரு ஆண்டுகளுக்குள் அடங்கிவிடுகிறது. எஞ்சியுள்ள சிறு பகுதியில்தான் வைரஸ் நிலைத்து நின்று, கருப்பை வாயின் வெளிப்புறத் தட்டைச் செல்களும் உட்புறத் தூண் செல்களும் சந்திக்கும் உருமாற்ற மண்டலத்தில் மெல்ல மெல்ல மாற்றங்களை உண்டாக்குகிறது. இயல்பான எதிர்ப்பாற்றல் உள்ள பெண்ணுக்கு அந்த மாற்றம் ஊடுருவும் புற்றுநோயாக வளர்வதற்கு 15 முதல் 20 ஆண்டுகள் ஆகலாம். எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கு, குறிப்பாகச் சிகிச்சை பெறாத ஹெச்.ஐ.வி. தொற்று உள்ளவர்களுக்கு, அது 5 முதல் 10 ஆண்டுகளாகச் சுருங்கிவிடலாம். புற்றுநோய்க்கு முந்தைய நிலையிலேயே கடுமையானதாகிய சி.ஐ.என். 3 சிகிச்சையின்றி விடப்பட்டபோது, அத்தகைய பெண்களில் ஏறத்தாழ 30 சதவீதம் பேருக்கு 30 ஆண்டுகளில் புற்றுநோய் உருவானது நியூசிலாந்தில் தெரியவந்தது. அந்தப் பெண்களுக்கு உரிய சிகிச்சை மறுக்கப்பட்டதால் கிடைத்த அறிவு இது. இதைச் சொல்லும்போதெல்லாம் அவர்களையும் நினைக்காமல் இருக்க முடிவதில்லை.

வேறெந்தப் புற்றுநோயிலும் இவ்வளவு நீண்ட கால அவகாசம் நமக்குக் கிடைப்பது அரிது. ஆனால் அந்த அவகாசம் முழுவதும் உடல் எதையும் காட்டிக்கொடுப்பதில்லை. "எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லையே" என்று ஒரு செவிலியர் சொல்வது, பரிசோதனையைத் தள்ளிப்போடுவதற்கான காரணமாக ஆகாது. பரிசோதனை செய்வதற்கு மிகச் சரியான நேரத்தில் அவர் இருக்கிறார் என்றே பொருள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். தொற்று இருக்கிறது என்ற முடிவு வந்தால், அது எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்பதை எந்தப் பரிசோதனையாலும் சொல்ல முடியாது. பல ஆண்டுகள் கண்டறிய முடியாத அளவில் அடங்கிக் கிடந்து பிறகு வெளிப்படவும் வைரஸால் முடியும். வாழ்நாள் முழுவதும் ஒரே துணையோடு வாழ்ந்த பெண்ணுக்கும் இது வரலாம். எனவே இந்த முடிவை எவருடைய ஒழுக்கத்தின் சான்றாகவும் படிக்கக் கூடாது. செவிலியர்கள் பலரைப் பரிசோதனையிலிருந்து தடுத்து நிறுத்துவது வலியைவிட இந்த அச்சம்தான் என்பது என் கணிப்பு.

இரண்டாம் படி: உங்கள் விவரங்களை ஒரே தாளில் எழுதுங்கள்

நோயாளிக்கு நாம் எழுதும் குறிப்பைப் போலவே உங்களுக்கும் ஒன்று எழுதுங்கள். வயது; ஹெச்.பி.வி. தடுப்பூசி போட்டதுண்டா, எத்தனை தவணை, எந்த ஆண்டு. கடைசியாகச் செய்த பரிசோதனை எது, தேதி என்ன, முடிவு என்ன, அந்த ரிப்போர்ட் இப்போது எங்கே இருக்கிறது. இதற்கு முன் கருப்பை வாயில் ஏதேனும் சிகிச்சை நடந்ததா. எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் நோயோ மருந்தோ உண்டா. புகைபிடித்தல், ஐந்து ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கருத்தடை மாத்திரை உட்கொள்ளுதல், பல பிரசவங்கள், கிளமிடியா போன்ற பிற பாலியல் தொற்றுகள் ஆகியவை, தொற்று நிலைத்து நிற்பதற்கோ முற்றுவதற்கோ துணைபோகும் காரணிகள். ஹெச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் அபாயம் ஆறு மடங்கு அதிகம்.

கருப்பை அகற்றும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், கருப்பை வாயும் சேர்த்து அகற்றப்பட்டதா என்று பழைய அறிக்கையில் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். வாய்ப்பகுதி விடப்பட்டிருந்தால் பரிசோதனை தொடர வேண்டும். முழுமையாக அகற்றப்பட்டிருந்து, காரணமும் புற்றுநோய் சாராததாக இருந்து, முன்பு கடுமையான செல் மாற்றம் எதுவும் இருந்ததில்லை என்றால் தேவையில்லை.

தாளில் "தெரியவில்லை" என்று எத்தனை இடங்களில் எழுத நேர்கிறது என்பதைக் கவனியுங்கள். பரிசோதனைத் தேதிக்கு எதிரே அந்தச் சொல் வந்தால், பரிசோதனை செய்யப்படவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: தடுப்பூசியைப் பற்றி முடிவெடுங்கள்

முதல் ஹெச்.பி.வி. தடுப்பூசி 2006-இல் அனுமதி பெற்றது. இதில் உயிருள்ள வைரஸோ வைரஸின் மரபணுவோ இல்லை. வைரஸின் வெளி ஓட்டைப் போன்ற வடிவில் தாமாகவே ஒன்றுசேரும் புரதத் துகள்கள் மட்டுமே இருக்கின்றன. ஆகவே தடுப்பூசியால் தொற்று ஏற்பட வழியே இல்லை. அதே காரணத்தால், ஏற்கெனவே உள்ள தொற்றையோ செல் மாற்றத்தையோ அது குணப்படுத்துவதும் இல்லை.

தொற்று ஏற்படும் வாய்ப்பு வருவதற்கு முன்பே போட்டால் பலன் மிகப் பெரிது. இங்கிலாந்தில் 12, 13 வயதில் தடுப்பூசி போட வாய்ப்பளிக்கப்பட்ட தலைமுறையில் கருப்பை வாய்ப் புற்றுநோய் 87 சதவீதம் குறைந்திருந்ததை 2021-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. உலக சுகாதார நிறுவனத்தின் 2022-ஆம் ஆண்டு நிலைப்பாட்டின்படி, 9 முதல் 20 வயது வரை ஒன்று அல்லது இரண்டு தவணைகள் போதும். 21 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு ஆறு மாத இடைவெளியில் இரண்டு தவணைகள். எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்குக் குறைந்தது இரண்டு, இயன்றால் மூன்று. நாடுகளின் அட்டவணைகளும் தடுப்பூசியின் அனுமதி விவரங்களும் இதிலிருந்து வேறுபடலாம் என்பதால், உங்கள் நாட்டின் அட்டவணையையே பின்பற்றுங்கள்.

இதைப் படிக்கும் செவிலியர்களில் பலர் முப்பதைக் கடந்தவர்களாக இருப்பீர்கள். 45 வயது வரை தடுப்பூசி போட்டுக்கொள்ள அனுமதி உள்ள நாடுகள் இருக்கின்றன. ஆனால் வயது கூடக் கூட, ஏற்கெனவே தொற்றுக்கு உள்ளாகியிருக்கும் வாய்ப்பு கூடுவதால் பலன் குறைகிறது. அந்த வயதில் முன்னுரிமை பரிசோதனைக்கே தரப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. செவிலியர் கல்லூரியில் சேரும் மாணவிகளுக்கோ நிலைமை வேறு. ஹெபடைடிஸ் பி தடுப்பூசிப் பதிவை நாம் எப்படித் தவறாமல் கேட்கிறோமோ, அப்படியே ஹெச்.பி.வி. பதிவையும் முதலாண்டிலேயே கேட்டு, விடுபட்டவர்களுக்கு வாய்ப்பளிப்பது நல்ல நடைமுறையாகும்.

கர்ப்ப காலத்தில் தடுப்பூசியைத் தள்ளிவைக்க வேண்டும், பாலூட்டும்போது போட்டுக்கொள்ளலாம். போட்ட பிறகு பதினைந்து நிமிடம் உட்காரவைத்துக் கவனியுங்கள், ஏனெனில் இளம் பெண்களுக்கு மயக்கம் வருவதுண்டு. பணியின் நடுவில் ஓடிவந்து கையை நீட்டிவிட்டு உடனே வார்டுக்குத் திரும்பும் சக செவிலியருக்கும் இந்தப் பதினைந்து நிமிடம் பொருந்தும். தடுப்பூசி போட்டவர்களும் பரிசோதனையைத் தொடர வேண்டும். எல்லா அபாய வகைகளையும் எந்தத் தடுப்பூசியும் தடுப்பதில்லை.

நான்காம் படி: எந்தப் பரிசோதனை, எப்போது என்பதை முடிவுசெய்து தேதி குறியுங்கள்

மூன்று முறைகள் பரவலாக உள்ளன. முதலாவது ஹெச்.பி.வி. டி.என்.ஏ. பரிசோதனை. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இதையே முதன்மையான பரிசோதனையாகப் பரிந்துரைக்கிறது: பொதுவாக 30 வயதில் தொடங்கி 5 முதல் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஹெச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு 25 வயதில் தொடங்கி 3 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை. இந்தியாவின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் நடந்து 2009-இல் வெளியான பெரிய ஆய்வில், ஒரே ஒரு முறை செய்யப்பட்ட ஹெச்.பி.வி. பரிசோதனை கருப்பை வாய்ப் புற்றுநோய் இறப்பை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. ஒரு பெண் தன் வாழ்நாளில் ஒரே முறை அந்த மேசைக்கு வந்தாலும் எவ்வளவு பெரிய வித்தியாசம் ஏற்படுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

இரண்டாவது, அதை உருவாக்கிய மருத்துவர் ஜார்ஜ் பாப்பனிகொலாவின் பெயரைத் தாங்கிய பாப் ஸ்மியர். இயல்பான முடிவு வந்தால் பொதுவாக மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை. மூன்றாவது, வி.ஐ.ஏ. எனப்படும் பார்வைப் பரிசோதனை: 3 முதல் 5 சதவீத அசெட்டிக் அமிலத்தைக் கருப்பை வாயில் தடவி, குறைந்தது ஒரு நிமிடம் காத்திருந்து, வெள்ளையாக மாறும் பகுதியைப் பார்ப்பது. முடிவு அங்கேயே தெரிந்துவிடும். ஆனால் மாதவிடாய் நின்ற பிறகு உருமாற்ற மண்டலம் உள்ளே சென்றுவிடுவதால் அந்த வயதினருக்கு இது நம்பத்தக்கதல்ல.

முப்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களிடம் ஹெச்.பி.வி. பரிசோதனையை அவசரப்பட்டுச் செய்வதில் பயன் குறைவு. தானாக மறைந்துவிடக்கூடிய தொற்றுகளையே அது பெருமளவில் பிடித்துக் காட்டும். சில நாடுகள் 21 அல்லது 25 வயதிலேயே பரிசோதனையைத் தொடங்குகின்றன. எப்போது நிறுத்தலாம் என்றால், 50 வயதுக்குப் பிறகு அடுத்தடுத்து இரண்டு பரிசோதனைகள் இயல்பாக வந்திருந்தால் நிறுத்தலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வேறு பல திட்டங்கள் 65 வரை தொடர்கின்றன.

தேதியைப் பணி அட்டவணையோடு பொருத்திக் குறிப்பது அவசியம். மாதவிடாய் நாட்களைத் தவிர்க்க வேண்டும். முந்தைய இரண்டு நாட்கள் உடலுறவு, பிறப்புறுப்பில் வைக்கும் மருந்து, உட்புறம் கழுவுதல் ஆகியவற்றையும் தவிர்க்க வேண்டும். மூன்று நாள் தொடர் இரவுப் பணிக்குப் பிறகு வரும் ஓய்வு நாளை இதற்கு ஒதுக்காதீர்கள். அன்று தூக்கம்தான் வெல்லும், தேதி தவறும். பகல் பணி முடியும் நேரமோ தொடங்கும் முன்னரோ பொருத்தமானது.

ஐந்தாம் படி: மேசையில் படுப்பதற்கு உள்ள தயக்கத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள்

மற்றப் பெண்களுக்கு இல்லாத ஒரு தடை செவிலியர்களுக்கு உண்டு. பரிசோதிக்கப் போகும் மருத்துவரோடு நாளைக் காலையில் ரவுண்ட்ஸ் போக வேண்டும். ஸ்லைடைப் படிக்கப் போகும் லேப் ஊழியர் தினமும் உணவு இடைவேளையில் எதிரே உட்காருபவர். இந்தக் கூச்சத்தை அற்பமானது என்று ஒதுக்கக் கூடாது. அதற்கான வழி, வேறொரு மருத்துவமனையில் செய்துகொள்வது. அல்லது, கிடைக்கும் இடங்களில், தானே மாதிரி எடுக்கும் முறையைத் தேர்ந்தெடுப்பது.

என்னோடு பணியாற்றிய ஒரு மூத்த செவிலியர், சுயமாதிரி எடுக்கும் குச்சியொன்றை உறை பிரிக்காமல் பல மாதங்கள் தம் லாக்கரில் வைத்திருந்தார். காலாவதித் தேதிக்கு இரண்டு மாதமே இருந்தது. ஓர் இரவுப் பணியின் முடிவில், கணக்கு ஒப்படைப்பதற்கு முன், பணியாளர் கழிப்பறைக்குச் சென்று மூன்று நிமிடத்துக்குள் வெளியே வந்தார். "இவ்வளவுதானா!" என்று மட்டும் சொன்னார். அவருடைய முடிவில் தொற்று இருந்தது, ஆனால் 16, 18 வகைகள் இல்லை. அடுத்து எடுத்த ஸ்மியர் இயல்பாக இருந்தது. மறுபரிசோதனைக்குத் தேதி குறிக்கப்பட்டது. அந்தத் தேதியை அவர் தம் அடையாள அட்டையின் பின்புறம் எழுதி ஒட்டியிருந்தார்.

வைரஸின் மரபணுவைப் பலமடங்கு பெருக்கிக் கண்டறியும் பி.சி.ஆர். அடிப்படையிலான ஹெச்.பி.வி. பரிசோதனையில், தானே எடுத்த மாதிரியும் மருத்துவர் எடுத்த மாதிரியும் ஏறக்குறைய ஒரே துல்லியத்தைத் தருகின்றன. குச்சியைக் கருப்பை வாய்வரை கொண்டுசெல்ல வேண்டியதில்லை. பிறப்புறுப்புக்குள் செலுத்தி, கருவியோடு வரும் குறிப்பில் சொன்ன அளவு சுழற்றி, குழாயில் போட்டு மூடினால் போதும். ஆனால் அந்த மாதிரியைக் கொண்டு செல்களைப் பார்க்க முடியாது. முடிவில் தொற்று தெரிந்தால் நேரில் பரிசோதனைக்குச் சென்றே ஆக வேண்டும் என்பதை முன்பே மனத்தில் ஏற்றுக்கொண்டு தொடங்குங்கள்.

ஸ்பெகுலம் வைத்துச் செய்யும் பரிசோதனை என்றால், சிறுநீர் கழித்துவிட்டு மேசைக்குச் செல்லுங்கள். சரியான அளவு ஸ்பெகுலத்தைக் கேட்பதற்குத் தயங்காதீர்கள். இளஞ்சூடான நீரில் நனைத்த கருவி, குளிர்ந்த உலோகத்தைவிட எவ்வளவோ தேவலாம். கருப்பை வாய் எளிதில் தென்படவில்லை என்றால் இடுப்புக்கு அடியில் உங்கள் முஷ்டிகளை வைத்துக்கொள்வது பெரும்பாலும் உதவும். வலித்தால் "நிறுத்துங்கள்" என்று சொல்லுங்கள். நோயாளிகளுக்கு நாம் தரும் அந்த உரிமை நமக்கும் உண்டு. மாதிரி எடுத்ததும் ஸ்லைடு காய்ந்துபோவதற்குள் 95 சதவீத ஆல்கஹாலில் இடப்பட வேண்டும். காய்ந்துபோன ஸ்லைடும் "போதுமானதாக இல்லை" என்ற முடிவுக்குக் காரணமாகலாம். பிறகு ஓரிரு துளி இரத்தம் தென்படுவது இயல்பே.

ஆறாம் படி: ரிப்போர்ட்டை முழுவதும் படியுங்கள்

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் கடைசி வரியை மட்டும் பார்த்துவிட்டு மடித்துவைப்பது வழக்கமாகிவிட்டது. முதலில், மாதிரி போதுமானதா என்ற வரியைப் படியுங்கள். போதாது என்றால் அது இயல்பான முடிவு ஆகாது. சில வாரங்கள் கழித்து மீண்டும் எடுக்க வேண்டும்.

ஹெச்.பி.வி. இல்லை என்று வந்தால் அடுத்த தேதியை அப்போதே குறித்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். இருக்கிறது என்று வந்தால், வகை தெரிந்திருக்கிறதா என்று பாருங்கள். 16 அல்லது 18 என்றால் பொதுவாக நேரடியாகக் கோல்போஸ்கோபி, அதாவது கருப்பை வாயை உருப்பெருக்கிக் கருவியால் பார்க்கும் பரிசோதனை. மற்ற அபாய வகைகள் என்றால் ஸ்மியர் அல்லது வி.ஐ.ஏ. செய்து வகைப்படுத்துவார்கள். அதில் எதுவும் இல்லையென்றால், பின்பற்றப்படும் திட்டத்தைப் பொறுத்து ஓராண்டு அல்லது ஈராண்டு கழித்து மறுபரிசோதனை. தொற்று இருக்கிறது என்ற சொல்லைப் புற்றுநோய் இருக்கிறது என்று படித்துவிட்டு இரவெல்லாம் தூங்காமல் இருந்த செவிலியர்கள் உண்டு, இரண்டும் ஒன்றல்ல.

ஸ்மியர் முடிவுகளில் எல்-சில் (லேசான செல் மாற்றம்) என்பது பெரும்பாலும் தற்காலிகத் தொற்றின் அடையாளம். பல நேரங்களில் தானாகவே திரும்பிவிடும். ஹெச்-சில் (கடுமையான செல் மாற்றம்) என்பதைத் தள்ளிப்போடக் கூடாது. கோல்போஸ்கோபியும் தேவைப்பட்டால் சிறு திசுவை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸியும் உடனடியாக ஏற்பாடு செய்யப்பட வேண்டும். சுரப்பிச் செல்களில் மாற்றம் என்று எழுதியிருந்தால் அதற்கும் அதே அவசரம் உண்டு, ஏனெனில் அந்த வகை கருப்பை வாயின் உள்வழியில் மறைந்திருக்கக்கூடும்.

ஏழாம் படி: சிகிச்சை தேவைப்பட்டால்

புற்றுநோய்க்கு முந்தைய நிலைக்குச் செய்யப்படும் சிகிச்சைகள் பெரும்பாலும் அன்றே வீடு திரும்பும்படியானவை. மாறிய பகுதி முழுவதும் கண்ணுக்குத் தெரிந்து, உள்வழிக்குள் நீளாமல், புற்றுநோய்ச் சந்தேகமும் இல்லாதபோது, வெப்பத்தால் சுடும் தெர்மல் அப்லேஷனோ உறையவைக்கும் கிரையோதெரபியோ செய்யலாம். மற்ற நிலைகளில் மின்கம்பி வளையத்தால் அந்தப் பகுதியை எடுத்துவிடும் லீப் முறையோ கூம்பு வடிவ அறுவையோ தேவைப்படும். லீப்புக்குப் பின் வரும் கர்ப்பங்களில் குறைப்பிரசவ வாய்ப்பு சற்றுக் கூடலாம் என்பதால், குழந்தை பெறத் திட்டமிடுபவர்கள் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே பேச வேண்டும்.

சிகிச்சைக்குப் பின் சில வாரங்கள் நீர்போன்ற கசிவு இருக்கும். ஏறத்தாழ நான்கு வாரங்கள் உடலுறவைத் தவிர்க்க வேண்டும். பன்னிரண்டு மாதத்தில் செய்ய வேண்டிய மறுபரிசோதனையைத் தவறவிடுபவர்களே அதிகம். சிகிச்சை முடிந்த நாளிலேயே அந்தத் தேதியை எழுதிக்கொள்ளுங்கள்.

அறிகுறிகள் தோன்றிவிட்டால் மேலே சொன்ன எந்தக் கால அட்டவணையும் பொருந்தாது. உடலுறவுக்குப் பின் இரத்தம் வருதல், இரு மாதவிடாய்க்கு இடையே இரத்தப்போக்கு, மாதவிடாய் நின்ற பிறகு ஒரு துளியேனும் இரத்தம், துர்நாற்றத்துடன் கூடிய வெள்ளைப்படுதல், தொடர்ந்த அடிவயிற்று வலி ஆகியவற்றில் எது இருந்தாலும், போன ஆண்டு ஸ்மியர் இயல்பாக இருந்தது என்ற நம்பிக்கையில் காத்திருக்காமல், கருப்பை வாயை நேரில் பார்க்கும் பரிசோதனைக்குச் செல்லுங்கள். நீண்ட நேரம் நின்று வேலை செய்வதால் வரும் இடுப்பு வலி, மாறிமாறி வரும் பணி நேரங்களால் தவறும் மாதவிடாய் என்று செவிலியர்கள் தங்களுக்கே விளக்கம் சொல்லிக்கொள்வதில் வல்லவர்கள். அந்த விளக்கங்கள் பல நேரங்களில் சரியாகவே இருக்கும். அதை உறுதிசெய்ய வேண்டியது ஸ்பெகுலம் வைத்துப் பார்ப்பவர்.

எட்டாம் படி: பணியிடத்தில் கேட்டுப் பெற வேண்டியவை

நோயாளியைக் குளிப்பாட்டுவதாலோ, கையுறை அணிந்து ஸ்பெகுலத்தைக் கழுவுவதாலோ கருப்பை வாயில் தொற்று வருமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. இந்த வைரஸ் முக்கியமாகப் பாலுறவுத் தொடர்பின் வழியே பரவுகிறது. ஆணுறை அபாயத்தைக் குறைக்கும், முழுமையாக நீக்காது.

ஆனால் லீப் அறையில் பணிபுரிபவர்களுக்கு வேறொரு பாதுகாப்பு தேவை. மின்கம்பி திசுவைச் சுடும்போது எழும் புகையில் ஹெச்.பி.வி. மரபணு கண்டறியப்பட்டுள்ளது, அங்கே கவலைக்குரியது மூக்கும் தொண்டையும். புகையை உறிஞ்சும் கருவியின் முனையை அறுவைப் பகுதியிலிருந்து ஐந்து சென்டிமீட்டருக்குள் பிடிக்க வேண்டும். சாதாரண அறுவை முகக்கவசம் இதற்குப் போதாது, என்-95 வேண்டும். இத்தகைய புகைக்கு உள்ளாகும் பணியாளர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று அமெரிக்காவின் கோல்போஸ்கோபி, கருப்பை வாய் நோயியல் சங்கம் 2020-இல் பரிந்துரைத்தது. உறிஞ்சும் கருவி பழுதாகிக் கிடந்தால் வாய்மொழியாகச் சொல்லி விட்டுவிடாமல் எழுத்தில் தெரிவியுங்கள்.

பணியாளர்களின் ஆண்டு உடல்நலப் பரிசோதனையில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இருக்கும், இது இருக்காது. சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு நிபந்தனைகளோடு கேளுங்கள்: முடிவு மூடிய உறையில் அந்தச் செவிலியரிடம் மட்டும் போக வேண்டும், பரிசோதனைக்கான நேரம் பணி நேரத்துக்குள் தரப்பட வேண்டும். இன்சார்ஜ் பொறுப்பில் இருப்பவர்கள் ஒரு வார்டில் ஒரே நாளில் இருவராகச் சேர்ந்து சென்றுவர அனுமதித்தால், தனியாகப் போகத் தயங்குபவர்களும் போய்விடுவார்கள்.

ஒன்பதாம் படி: இனி நோயாளியிடம் பேசுங்கள்

தானே அந்த மேசையில் படுத்தவர் சொல்லும் விளக்கம் வேறு தொனியில் வரும். "வலிக்காது" என்று சொல்லமாட்டார். "ஒரு அழுத்தம் தெரியும், ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும், வேண்டாம் என்றால் உடனே நிறுத்துவோம்" என்று சொல்வார். உண்மை அதுதான். கருப்பை என்று நாம் எழுதினாலும் பெரும்பாலான பெண்கள் கர்ப்பப்பை என்றே சொல்வார்கள். அவர்கள் சொல்லிலேயே பேசுங்கள். "புற்றுநோய்ப் பரிசோதனை" என்று தொடங்குவதைவிட "புற்றுநோய் வராமல் தடுக்கும் பரிசோதனை" என்று தொடங்குவது பொருளிலும் சரி, பயமும் குறையும்.

திருமணமானவரா என்ற கேள்வி இங்கே போதாது. அபாயம் உடலுறவைச் சார்ந்தது. தனியறையில், உடன் வந்தவரை வெளியே அமர்த்திவிட்டு, எல்லோரிடமும் ஒரே சொற்களில் கேளுங்கள். ஒருவரிடம் மட்டும் கேட்பதாக அவருக்குத் தோன்றக் கூடாது.

உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பர் 17 அன்று தொடங்கிவைத்த ஒழிப்புத் திட்டம் 2030-க்குள் மூன்று இலக்குகளை எட்டச் சொல்கிறது: 15 வயதுக்குள் 90 சதவீதச் சிறுமிகளுக்குத் தடுப்பூசி, 35 வயதிலும் மீண்டும் 45 வயதிலும் 70 சதவீதப் பெண்களுக்கு உயர்தரப் பரிசோதனை, பாதிப்பு கண்டறியப்பட்டவர்களில் 90 சதவீதம் பேருக்குச் சிகிச்சை. இந்த மூன்றில் செவிலியர் நேரடியாகக் கைவைக்கக்கூடியது கடைசி இலக்கு, ஏனெனில் பரிசோதனை செய்துகொண்டு முடிவை வாங்க வராமலே போன பெண்களைத் தேடிப்பிடிப்பது நம் கையிலிருக்கும் பதிவேடுதான். ஒவ்வொரு பெயருக்கும் மாதிரி எடுத்த தேதி, முடிவு வந்த தேதி, அவரிடம் சொல்லப்பட்ட தேதி, அடுத்த வருகைத் தேதி என்று நான்கு கட்டங்கள் இடுங்கள். வாரத்தில் ஒரு நாள், மூன்றாவது கட்டம் காலியாக உள்ளவர்களைத் தொலைபேசியில் அழையுங்கள். மாதிரி எடுக்கும் நாளிலேயே, எந்த எண்ணுக்கு, எந்த நேரத்தில் அழைத்தால் அவரே எடுப்பார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வேறு யாராவது எடுத்தால் பரிசோதனையின் பெயரையும் முடிவையும் சொல்லாமல், மருத்துவமனையிலிருந்து அழைத்ததாக மட்டும் தெரிவித்து, அவர் எப்போது பேசுவார் என்று கேட்டுவிட்டு வையுங்கள்.